எல்லையோர வியாபாரிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே, வணக்கம்.

பொங்கல் விழாவும் ஓணம் தள்ளுபடி விற்பனையும் வழக்கம்போல் நடந்தன. தராசு முத்திரை முகாம் நடத்தினோம். பஞ்சாயத்து லைசென்ஸ் புதுப்பிக்க உறுப்பினர்களுக்கு உதவினோம். மறைந்த உறுப்பினர்களின் குடும்பத்துக்கு உதவித்தொகை கொடுக்கப்பட்டது.

இந்த ஆண்டின் முக்கிய வேலை, கேரள எல்லையில் இருக்கும் நம் கடைகளுக்காக ஜிஎஸ்டி விதியைத் தளர்த்தக் கேட்கும் மனுவைத் தயாரிக்கும் மனுக் குழுவும் அதையொட்டி நடந்த மாதாந்திர வகுப்பும்தான். “மளிகைக் கடைக்காரனுக்கு நாட்டின் பொருளாதாரக் கொள்கையில் என்ன வேலை?” என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அதற்குப் பதிலை இங்கே பதிவு செய்வது என் கடமை.

1944 ஜனவரியில் பம்பாய்த் திட்டம் வெளிவந்தது. புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ், ஜே.ஆர்.டி. டாட்டா, ஜி.டி. பிர்லா, அர்தேஷிர் தலால், ஸ்ரீராம், கஸ்தூர்பாய் லால்பாய், ஏ.டி. ஷ்ராஃப், ஜான் மத்தாய் ஆகிய தொழில்துறைப் பிரமுகர்கள் எட்டுப் பேர் நாட்டின் பொருளாதாரத்துக்காகப் போட்ட கணக்கு அது. 15 ஆண்டில் தனிநபர் வருமானத்தை இரட்டிப்பாக்க 10,000 கோடி ரூபாய் வேண்டும் என்றார்கள். தொழிலுக்கு 4,480 கோடி, வேளாண்மைக்கு 1,240, போக்குவரத்துக்கு 940, வீடுகளுக்கு 2,200, கல்விக்கு 490, மருத்துவத்துக்கு 450, மீதி 200 இதர செலவு. ஆலை முதலாளிகள் தங்கள் ஆலையோடு நிற்காமல் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தொகை எழுதினார்கள். அதனால்தான் அந்தத் தாளை ஆட்சியில் இருந்தவர்கள் ஒதுக்க முடியவில்லை. தலாலை அதே ஆண்டு வைஸ்ராய் தன் நிர்வாகக் குழுவில் திட்டத் துறைக்கு எடுத்துக்கொண்டார். அதில் குறையும் உண்டு. 3,400 கோடியைப் புதிதாக நோட்டு அடித்துத் திரட்டலாம் என்றார்கள். விலைவாசி என்ன ஆகும் என்ற கேள்வி அன்றே எழுந்தது.

இதெல்லாம் நமக்குத் தொலைவான சங்கதி இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26இல் படித்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் கோவைக்காரர். 1935 முதல் 1941 வரை கொச்சி திவான். இன்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் நம் சித்தூர் தாலுகா அன்று கொச்சி சமஸ்தானம். பின்னர் அதே நிதியமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்த ஜான் மத்தாய் கோழிக்கோட்டில் பிறந்தவர். மத்திய அரசின் பொருளாதாரத் திட்டங்களை வகுக்கும் திட்டக் கமிஷனின் அதிகாரம் வளர்வதை ஏற்காமல் 1950இல் பதவியை விட்டார். திட்டம் போட்ட எட்டுப் பேரில் ஒருவரே திட்டக் கமிஷனை எதிர்த்தது முரணாகத் தோன்றலாம். திட்டம் வேண்டும், ஆனால் அமைச்சரவைக்கு மேல் இன்னொரு அமைச்சரவை வேண்டாம் என்பது அவர் நிலை. அதை நான் சரி என்றே நினைக்கிறேன்.

இனி நம் மனு. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்குள் விற்பனை உள்ள நம் உறுப்பினர் பலர், சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறையான காம்போசிஷன் திட்டத்தில், விற்பனையில் 1 சதவீதம் வரி கட்டுகிறார்கள். பொள்ளாச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் அவர்கள் சரக்கு வாங்கலாம். வேறு மாநிலம் என்பதால் அங்கே விற்கக் கூடாது. கோபாலபுரம் பக்கத்துத் தோப்புக்காரர் இங்கே வந்து மோட்டார் பம்ப் வாங்குகிறார் என்று வையுங்கள். வாரண்டிக்காகப் பில்லில் தன் தமிழ்நாட்டு முகவரியைப் போடச் சொல்வார். 2023 அக்டோபர் 1 முதல், ஜிஎஸ்டி பதிவில்லாதவருக்கு விற்கும்போது பில்லில் எந்த மாநில முகவரி ஏறுகிறதோ அங்கே விற்றதாகவே கணக்கு. அந்த ஒரு வரி எழுதினால் கடைக்காரர் காம்போசிஷன் தகுதியையே இழக்கலாம். முழு வரியும் அபராதமும் வரும். எழுதாவிட்டால் வாடிக்கையாளர் பொள்ளாச்சிக்குப் போய்விடுவார். சரக்கு வண்டியோடு போக வேண்டிய இணையவழிச் சீட்டான இ-வே பில்லிலும் இதே கதை. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் வரை வேண்டாம். எல்லை தாண்டினால், தூரம் ஐந்து கிலோமீட்டரே ஆனாலும், 50,000 ரூபாயைத் தாண்டியதும் வேண்டும்.

எல்லையை ஒட்டிய விற்பனைக்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்பதே நம் கோரிக்கை. இதைப் பட்ஜெட் யோசனையாக அனுப்பலாம் என்று சிலர் சொன்னார்கள். அனுப்பினால் வீண். மத்திய நிதி அமைச்சகம் பட்ஜெட்டுக்கு முன் கேட்கும் யோசனைகளில் ஜிஎஸ்டி விஷயத்தைப் பரிசீலிப்பதில்லை. அது மத்திய, மாநில அமைச்சர்கள் உட்கார்ந்து முடிவெடுக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலின் வேலை. அங்கே மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து மூன்றில் இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே கேரள நிதியமைச்சருக்கு எழுதுவது போலவே தமிழ்நாட்டு நிதியமைச்சருக்கும் எழுத வேண்டும்.

அவர் முதலில் கேட்கப்போவது, “என் மாநிலத்துக்கு என்ன நஷ்டம்?” என்பதுதான். ஜிஎஸ்டி பொருள் போய்ச் சேரும் மாநிலத்துக்குரியது. காம்போசிஷன் வரியின் மாநிலப் பங்கோ கடை இருக்கும் மாநிலத்தில் தங்கிவிடுகிறது. அதனால் எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் நடக்கும் விற்பனைக்கு மட்டும் அந்தப் பங்கு அக்கரை மாநிலத்துக்கே போகட்டும் என்று நம் மனுவில் சேர்த்திருக்கிறோம். சலுகை கேட்பவன் எதிராளியின் கணக்கையும் போட்டுக்கொண்டு போக வேண்டும். பம்பாய் எட்டுப் பேரிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

கணக்குப் போட எண்கள் வேண்டும். அதற்காக ஐந்து கட்டங்கள் கொண்ட படிவம் தந்தோம்: சரக்கின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண், மாத விற்பனை, எல்லைக்கு அப்பால் கேட்டு நாம் மறுத்த விற்பனைத் தொகை, கேட்டவர் ஊரின் பின்கோடு, கடையிலிருந்து தூரம். பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் திருப்பித் தரவில்லை. வந்தவற்றிலும் “சுமார் 2 லட்சம்” என்று எழுதியவை அதிகம். சிலர் வாங்கிய தொகையை விற்பனைக் கட்டத்தில் போட்டார்கள். தேங்காயையும் கொப்பரையையும் ஒரே வரியில் எழுதினார்கள். தேங்காய்க்கு வரியில்லை, கொப்பரைக்கு 5 சதவீதம், சேர்த்து எழுதினால் இரண்டும் பயனற்றுப் போகிறது. காம்போசிஷன்காரர்கள் காலாண்டுக்கு ஒருமுறை போடும் சிஎம்பி-08 வரிக்கணக்கில் உள்ள விற்பனையோடு ஒத்துப் பார்த்தால் இந்தத் தவறுகள் வராது. எண்கள் இல்லாததால் மனு இன்னும் வரைவாகவே கிடக்கிறது. இதில் எனக்கு மிகுந்த வருத்தம்.

வகுப்புக்கு வந்தவர்களை விட வராதவர்கள் அதிகம். கடை அடைத்து வர முடியாது என்றார்கள். வகுப்பு இரவு எட்டரைக்குத்தான் வைத்திருந்தோம். அதிகாரி கடைக்கு வந்து நோட்டீஸ் கொடுக்கும் அன்று எல்லோருக்கும் சங்கத்தின் போன் நம்பர் நினைவுக்கு வருகிறது. சந்தாவும் அப்படியே. தொடர்ந்து இரண்டு ஆண்டு கட்டாதவர்களின் பெயரைப் பலகையில் போடலாம் என்ற தீர்மானத்தைத் தலைவர் வேண்டுகோளின்படி நிறுத்தி வைத்துள்ளோம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். வாடகை, கரண்ட், அச்சுக்கூலி எல்லாம் போகச் சிறு இருப்பு உள்ளது. அது நன்கொடையால் நின்ற இருப்பு, சந்தாவால் அல்ல.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், மண்டபம் தந்தவர்கள், முகாமுக்கு வந்த அதிகாரிகள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு மனுவை முடித்து இரு மாநில நிதியமைச்சர்களுக்கும் கவுன்சில் செயலகத்துக்கும் அனுப்புவது என்று திட்டம். மொழிபெயர்ப்பு, அச்சு, திருவனந்தபுரம், சென்னைப் பயணம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். இப்போதைய இருப்பு தாங்காது. காம்போசிஷன்காரர்கள் ஜூன் 30க்குள் ஜிஎஸ்டிஆர்-4 என்ற ஆண்டு வரிக்கணக்கைப் போடுவீர்கள். அதே கணக்கைப் பார்த்து நம் படிவத்தையும் நிரப்பிக் கொடுங்கள். படிவம் சங்க அலுவலகத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் கிடைக்கும். பழைய சந்தாவையும் சேர்த்துக் கொண்டுவருபவர்களுக்கு அப்போதே ரசீது போட்டுத் தரப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்