சைட் கோடை மாற்றும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

தலைமையகத்தின் நெட்வொர்க் மேலாண்மைப் பிரிவினருக்கு,

வணக்கம். நம் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் கான்ஃபிகரேஷன் மேனேஜரின் பழைய பிரைமரி சைட்டை (அதன் முதன்மை நிர்வாக அமைப்பை) மூடுகிறோம், திங்கள் காலைக்குள் எல்லாக் கிளையண்டுகளும் (ஒவ்வொரு கணினியிலும் நிறுவப்பட்டிருக்கும் அதன் மென்பொருள்) புது சைட்டுக்கு வந்துவிட வேண்டும் என்ற உங்கள் மின்னஞ்சல் வெள்ளிக்கிழமை மாலை 5.40-க்குக் கிடைத்தது. விண்டோஸ் கணினிகள் அன்றிரவே மாறிவிட்டன. எங்களிடம் இருக்கும் 43 யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களுக்கு என்ன வழி என்று அந்த நான்கு வரியில் ஒரு சொல்கூட இல்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல. கான்ஃபிகரேஷன் மேனேஜர் 2012-இன் சர்வீஸ் பேக் 1 வந்தபோதே யூனிக்ஸ், லினக்ஸ் கிளையண்டின் குணம் இதுதான். கன்சோலிலிருந்து (உங்கள் நிர்வாகத் திரையிலிருந்து) புஷ் செய்ய, அதாவது தொலைவிலிருந்தே நிறுவ, முடியாது. தானாக சைட்டைக் கண்டுபிடித்துச் சேராது. கிளையண்ட் தொடர்புகொள்ளும் சர்வரான மேனேஜ்மென்ட் பாயின்ட்டின் பெயரையும், சைட்டைக் குறிக்கும் மூன்றெழுத்து சைட் கோடையும் நிறுவும்போதே கட்டளையில் கொடுக்க வேண்டும். சைட் மாறினால் கிளையண்டை நீக்கிவிட்டு மறுபடி நிறுவ வேண்டும். ஒவ்வொரு இயந்திரத்திலும், ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) உள்ளே போய், கையால்.

அதைத்தான் சனிக்கிழமை இரவு முழுக்கச் செய்தோம். என்னோடு இருந்தவர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன தம்பி. அதிகாலை இரண்டரை மணிக்கு அவர் திரையைத் திருப்பி, சைட் கோடைக் காட்டி, "அண்ணா, நடுவுல இருக்கறது ஓவா, ஜீரோவா?" என்று கேட்டார். உங்கள் மின்னஞ்சலின் எழுத்துருவில் இரண்டும் ஒரே வட்டம். அதற்குள் 11 இயந்திரங்களில் ஓ என்று அடித்து நிறுவி முடித்திருந்தோம். நிறுவல் எந்தப் பிழையும் காட்டாமல் முடிந்தது. கன்சோலில்தான் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள உங்கள் பக்கம் போனை எடுக்க ஆளில்லை. பழைய ஆவணம் ஒன்றைத் தேடிப்பிடித்து, ஜீரோதான் என்று உறுதி செய்துகொண்டு, அந்தப் பதினொன்றையும் முதலிலிருந்து நீக்கி நிறுவினோம். அவற்றில் ஒன்று சம்பளப் பட்டியல் ஓடும் ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் யூனிக்ஸ்) சர்வர். அதைத் தொடும்போது அந்தத் தம்பியின் விரல் நடுங்கியதை நான் பார்த்தேன்.

அதோடும் முடியவில்லை. இந்தக் கிளையண்டுகள் நிறுவனத்தின் டொமைனில் சேராமல் தனித்து நிற்கும் வொர்க்குரூப் கணினிகளைப் போலத்தான் நடத்தப்படுகின்றன. உங்கள் கன்சோலில் ஒருவர் அப்ரூவ் செய்தால்தான் பாலிசி (கிளையண்டுக்கான கட்டளைகள்) இறங்கும். ஞாயிறு முழுவதும் 43-உம் அனுமதிக்காகக் காத்துக் கிடந்தன. திங்கள் காலை 9.15-க்கு, "உங்கள் கிளையில் கிளையண்டுகளை ஏன் நீக்கினீர்கள்?" என்று விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. இரண்டு இரவு தூங்காதவனிடம் கேட்கிற கேள்வியா இது?

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். சைட் கோடை மாற்ற முடிவெடுக்கும் முன் எங்களிடம் சொல்லுங்கள். பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். மாற்றம் நடக்கும் இரவில் அப்ரூவ் செய்ய ஒருவரைப் பணியில் வையுங்கள்.

மனத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கூட்டங்களில் 'எல்லாக் கணினிகளும்' என்றால் விண்டோஸ் கணினிகள் என்றே பொருளாகிவிட்டது. லினக்ஸ், யூனிக்ஸ் கிளையண்டுக்கான ஆதரவு முடிவுக்கு வரப்போகிறது என்ற அறிவிப்பு இந்த 2018-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதன்பின் இந்த 43 சர்வர்களை எதைக்கொண்டு கவனிப்பது என்று இரண்டு முறை எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. கிளையின் கணக்கும் சரக்கிருப்பும் சம்பளமும் அவற்றில்தான் ஓடுகின்றன.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த சைட் மாற்றத்துக்கு முன் எங்களிடம் சொல்லுங்கள் என்பதை மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். சைட் கோடை அனுப்பும்போது ஓவா ஜீரோவா என்று பக்கத்திலேயே எழுத்தால் எழுதி அனுப்புங்கள்.

இதை எழுதும் நேரத்தில் ஆறு சர்வர்கள் இன்னும் அப்ரூவ் ஆகவில்லை. பட்டியலை இன்று காலை மறுபடி அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து பாருங்கள்.

இப்படிக்கு,
கிளை அலுவலக யூனிக்ஸ் நிர்வாகி
நவம்பர் 2018