ஆண்டு விழா நடனத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்களுக்கு

வணக்கம் டீச்சர், வணக்கம் சார்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சின்ன டவுனில் இருபது வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சுற்றிலும் நாலைந்து பள்ளிக்கூடங்கள். ஆண்டு விழா ஒத்திகை தொடங்கிவிட்டதா என்பது எனக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். சீருடையோடு பிள்ளைகள் வருவார்கள். கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு துண்டுச்சீட்டை நீட்டுவார்கள். அதில் ஒரு முக க்ரீமின் பெயர் எழுதியிருக்கும்.

போன மாதம் வந்தவள் ஒன்பதாம் வகுப்பு. எதற்கும்மா இது என்று கேட்டேன்.

"டான்ஸ்ல இருக்கேன் ஆன்ட்டி. கடைசி வரிசையில நிக்க வச்சிருக்காங்க. ஃபங்ஷனுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு."

நன்றாக ஆடுவாயா என்றேன். "நான்தான் மத்தவங்களுக்கு ஸ்டெப் சொல்லிக் குடுக்குறேன்" என்றாள். சொல்லும்போது குரலில் வருத்தம்கூட இல்லை. ஆட்டம் தெரிந்தவள் பின்னால், வெளுத்தவள் முன்னால் என்பதை மழை வெயில் மாதிரி ஏற்றுக்கொண்டிருக்கிறாள். மூன்று வாரத்தில் வெளுத்துவிட்டால் இடம் மாறலாம், அவ்வளவுதான் அவள் கணக்கு.

அந்தக் கணக்கை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

டிவியைக் கை காட்டுவது சுலபம். நானும் காட்டியிருக்கிறேன். 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற சிவப்பழகு க்ரீம் நம் நாட்டுக் கடைகளுக்கு 1975-லேயே வந்துவிட்டது. 2020-ல் அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது, வாங்குகிறவர்கள் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். ஆனால் விளம்பரத் துறையினர்கூட 2014-ல் தங்களுக்கென்று ஒரு விதி எழுதிக்கொண்டார்கள். கருத்த நிறத்தவரை அழகில்லாதவராக, வேலையிலோ கல்யாணத்திலோ தோற்றுப்போனவராகக் காட்டக் கூடாது என்று. எல்லாரும் அதை மதிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. இருந்தாலும் விளம்பரத்தில் காட்டக் கூடாது என்று அவர்களே ஒப்புக்கொண்டதை நீங்கள் வருடத்துக்கு ஒரு முறை சீரியல் பல்பு போட்டுக் காட்டுகிறீர்கள்.

சிறப்பு விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்க யாரை அனுப்புகிறீர்கள்? வாசலில் சந்தனக் கும்பாவோடு நிற்பது யார்? பாரதமாதா வேடம் எந்த நிறப் பிள்ளைக்குப் போகிறது, குறத்தி வேடம் எந்த நிறப் பிள்ளைக்குப் போகிறது? பழைய விழா ஆல்பத்தை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். இதில் ஒரு வேடிக்கை, கிருஷ்ணன் என்ற பெயருக்கே கருப்பன் என்றுதான் அர்த்தம். அதற்கும் சிவந்த பையனாகப் பிடித்து வந்து நீலம் பூசுகிறீர்கள். நான் படித்த காலத்தில் மூன்று வருடம் தொடர்ந்து குறத்தியாகவே ஆடினேன். "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று ஒரு டீச்சர் பாசமாகத்தான் சொன்னார். அந்த 'இருந்தாலும்' நாற்பத்தைந்து வயதிலும் என் கூடவே இருக்கிறது.

சரி, க்ரீம் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் கேட்பது சோப்பு, பவுடர் மாதிரிச் சாதாரண சாமான் இல்லை. ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்று மூன்று மருந்து கலந்த டியூப். பெரியவர்களுக்கு முகத்தில் மங்கு விழுந்தால் தோல் டாக்டர் கொஞ்ச நாளைக்கு மட்டும் எழுதிக் கொடுப்பது. வீட்டில் அக்காவுக்கோ சித்திக்கோ எழுதிக் கொடுத்த டியூப், கை மாறி வகுப்புக்குள் வந்துவிடுகிறது. பூசிய கொஞ்ச நாளில் முகம் வெளுத்த மாதிரி தெரியும், வகுப்பே கண் வைக்கும். அப்புறம்தான் வினை. தோல் மெலிந்து நரம்பு தெரியும், பரு கிளம்பும், பூனைமுடி வளரும், வெயிலில் போனால் எரியும். பயந்து நிறுத்தினால் முகம் இன்னும் சிவந்து வீங்கும். க்ரீமை விட்டதால்தான் இப்படி என்று நினைத்து மறுபடியும் பூசுவார்கள். பதினான்கு வயதில் இந்தச் சுழலில் மாட்டினால் வெளியே வர மாதக்கணக்கு ஆகும்.

இப்படிப்பட்ட ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018 மார்ச்சில் மத்திய அரசு ஆணை போட்டது. அதற்கு முன்னால் கேட்டவர்களுக்கெல்லாம் நானும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டு உங்களை மட்டும் குற்றம் சொன்னால் நியாயமில்லை. இப்போது சீட்டு கேட்கிறேன், தெரு முனையில் கேட்காத கடையும் இருக்கிறது. பெயர், ஊர் எதுவும் இல்லாமல் வரும் டப்பாக்கள் இன்னும் மோசம். கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தில் வெளுப்பு க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2023-ல் டாக்டர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். அந்த நோயாளிகளில் 14 வயதுப் பெண்ணும் உண்டு. க்ரீமில் இருந்தது பாதரசம்.

நிறத்தோடு முடிந்தால் பரவாயில்லை. நடன உடை எல்லாருக்கும் ஒரே அளவில் வாடகைக்கு வருகிறது. கொக்கி மாட்டாத பிள்ளையிடம் "ஃபங்ஷனுக்குள்ள கொஞ்சம் குறைச்சுட்டு வா" என்று எல்லார் முன்னாலும் சொல்கிறீர்கள். என் கடை வாசலில் எடை மெஷின் இருக்கிறது. பையை இறக்கி, ஷூவைக் கழற்றி, தலையில் இருந்த க்ளிப்பைக்கூட எடுத்துவிட்டு ஏறுகிறார்கள். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டேன் என்று ஒருத்தி பெருமையாகச் சொன்னாள். நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அதற்காக நீங்களே பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறீர்கள். மாத்திரை கொடுத்த கையாலேயே பட்டினியையும் போட வேண்டுமா?

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. உயரப்படி நிற்க வையுங்கள். இல்லையென்றால் பாட்டின் ஒவ்வொரு சரணத்துக்கும் வரிசையை மாற்றுங்கள், ஒரு பாட்டுக்குள் எல்லாரும் ஒரு தடவை முன்னால் வந்து போவார்கள். பூங்கொத்து கொடுக்கச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். உடை பத்தாவிட்டால் தையல்காரரிடம் அனுப்புங்கள், பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அந்த வெள்ளை பான்கேக்கை எல்லார் முகத்திலும் அப்புவதையும் இந்த வருடம் விட்டுப் பாருங்கள்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் க்ரீம் கொடுக்கவில்லை. ஒரு கடலை மிட்டாய் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள், முகம் மட்டும் மலரவில்லை. விழா முடிகிற வரைக்கும் எடை மெஷினை உள்ளே தூக்கி வைத்திருக்கிறேன். அவள் எந்த வரிசையில் நிற்கிறாள் என்று பார்க்க, அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
கடைவீதி மருந்துக்கடைக்காரி