பெரியவள் போன பிறகு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதங்களுக்கு நான் பதில் போடவில்லை என்று வாத்தியாரிடம் போய்ப் புலம்பினாயாமே. அவர் காதில் ஒன்றைப் போட்டால் ஊருக்கே போட்ட மாதிரி என்று தெரிந்துமா போட்டாய்? சரி, திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? உன் வீட்டில் தங்கச்சி மறுபடி வேலைக்குப் போவது நல்ல செய்தி. இங்கே எல்லோரும் சுகம், ஒருத்தியைத் தவிர.

பெரியவள் போய்விட்டாள், என் கடல் தொட்டியில் இருந்த பெண் கோமாளி மீன். வீடியோ காலில் பார்த்துவிட்டு "என்னடா, என்னையே முறைக்கிறாள்" என்றாயே, அவளேதான்.

ராத்திரி விளக்கு அணையும்போது இருந்தாள், காலையில் காணோம். தொட்டிக்கு மேல் வலை மூடி இருக்கிறது, குதிக்க வழியில்லை. இருந்தாலும் சோபாவுக்கு அடியில் எல்லாம் தேடினோம், உன் தங்கச்சிதான் டார்ச் பிடித்தாள். கடைசியில் பாறைக்குப் பின்னால் வெளிச்சம் அடித்துப் பார்த்தால், பிரிஸ்டில் புழுக்கள் கொத்தாகக் கிடக்கின்றன. நடுவில் வெள்ளையாக ஒரு முள். அவ்வளவுதான் மிச்சம். இரவோடு இரவாகக் காரியம் முடித்துவிட்டன. எப்படிச் செத்தாள் என்று இனித் தெரியப் போவதில்லை. புழுதான் கொன்றது என்று நீயும் ஆரம்பிக்காதே, நெட்டையன் அதையே சொல்லிச் சொல்லி என் உயிரை எடுத்தான். அவை செத்ததையும் மிஞ்சிய தீனியையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைப்பவை. அவை இல்லையென்றால்தான் நான் பயந்திருக்க வேண்டும். 60 லிட்டர் தண்ணீரில் ஒரு மீன் அழுகினால் மற்ற எல்லாவற்றையும் கொல்ல அதிலிருந்து வரும் அம்மோனியா போதும். அன்றைக்கு நெஞ்சு படபடக்க சோதனைக் குழாயில் சொட்டு விட்டேன். தண்ணீர் மஞ்சளாகவே நின்றது, பச்சை ஏறவில்லை, அதாவது அம்மோனியா இல்லை. பாறைக்குள் இருக்கிற பாக்டீரியா வந்த அம்மோனியாவை எல்லாம் நைட்ரைட்டாக்கி நைட்ரேட்டாக்கி முடித்திருக்கிறது.

இப்போது விஷயம் சின்னவனைப் பற்றியது, அவளோடு இருந்த ஆண் மீன். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

கோமாளி மீனில் எதுவும் பெண்ணாகப் பொரிவதில்லை என்று முன்பே சொன்னேனா? கூட்டத்தில் பெரியது பெண், அதற்கு அடுத்தது ஆண், மற்றவை எல்லாம் வளராமல் சிறிசாகவே காத்திருக்கும். பெண் செத்தால் அந்த ஆணே பெண்ணாகிவிடும், காத்திருந்ததில் பெரியது ஆணாகும். ஒருமுறை பெண்ணானால் திரும்பி வர வழி கிடையாது. இதைப் படித்தபோது சுவாரசியமாக இருந்தது. வீட்டுக்குள் நடக்கும்போது ஒரு மாதிரியாக இருக்கிறது, மாப்பிள்ளை. முன்பெல்லாம் பெரியவள் பக்கத்தில் வந்தால் இவன் உடம்பைச் சாய்த்துக் கிடுகிடுவென்று நடுங்குவான், 'நீதான் பெரியவள், என்னை விட்டுவிடு' என்று அர்த்தம். இப்போது நடுங்குவதற்கு ஆளில்லை. முதலில் ஒரு மூலையிலேயே கிடந்தான். அப்புறம் மெல்ல வெளியே வந்தான். இன்றைக்கு முழுத் தொட்டியும் அவனுடையது. கண்ணாடியைத் துடைக்கக் கையை விட்டால் சுருக்கென்று கடிக்கிறான். பெரியவள் கடிக்கிற அதே இடத்தில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். தீனியும் ஏறியிருக்கிறது, உடம்பும் போட்டிருக்கிறது. மூளைதான் முதலில் மாறத் தொடங்குமாம், சினைப்பை முழுதாக உருவாக மாதக்கணக்கில் ஆகும், அதற்கு மேலும் ஆகலாம்.

ஆக, ஒரு சின்னக் குஞ்சை வாங்கி விட்டால் அது இவனுக்கு, சரி, இவளுக்கு, ஆணாக வளரும். உன் தங்கச்சி உடனே வாங்கச் சொல்கிறாள், தனியாகச் சுற்றுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லையாம். எனக்குத்தான் மனசு வரவில்லை. காரணம் வெள்ளைப் புள்ளி நோய். கிரிப்டோகேரியன் என்று ஓர் ஒட்டுண்ணி. புது மீனோடு உள்ளே வந்துவிட்டால் அப்புறம் தலைவலிதான். செம்பு மருந்து போட்டால் ஒழியும், ஆனால் அதே செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் சேர்த்துக் கொன்றுவிடும். அதனால் மீனை எல்லாம் வெளியே எடுத்து வேறு தொட்டியில் வைத்தியம் பார்த்துவிட்டு, இந்தத் தொட்டியை மீனே இல்லாமல் போட்டு வைக்க வேண்டும். 76 நாள் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கிற கணக்கு. ஒரு குஞ்சுக்காக இருக்கிற ஒன்றையும் பணயம் வைப்பதா என்று ராத்திரி படுத்தால் இதே யோசனை. நீ சிரிப்பாய். சிரி.

இந்த நேரம் பார்த்து நீ ஒரு குண்டைத் தூக்கிப் போடுகிறாய். மேசை மேல் 20 லிட்டர் தொட்டி, "சின்னதுதானே, சுலபமாக இருக்கும்", அதில் ஒரு நீல டேங் மீன், ஒரு மாண்டரின் மீன்! எவன் சொன்னான் உனக்கு? நீல டேங் 30 சென்டிமீட்டர் வரை வளரும், அந்தத் தொட்டியில் திரும்பக்கூட இடம் இருக்காது. மாண்டரின் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற கோபிபாட் பூச்சிகளை நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும். 20 லிட்டரில் இருப்பதைச் சீக்கிரமே தின்று தீர்த்துவிட்டு, அப்புறம் உன் கண் முன்னாலேயே பட்டினி கிடந்து சாகும்.

கடல் தொட்டியில் சின்னது என்றால்தான் கஷ்டம். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு போகாது. என் 60 லிட்டரில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் போகிறது என்று வை. லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பது அன்றைக்கே 35.6 ஆகும், மூன்று நாள் கண்டுகொள்ளாமல் விட்டால் 36.8. உன் 20 லிட்டரில் அதே ஒரு லிட்டர் போனால் முதல் நாளே அந்த 36.8 வந்து நிற்கும். கடலில் இருக்கிறவை இப்படி ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை அல்ல. அதனால் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. அதுவும் குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. வடிகட்டி தாண்டி, மிச்ச உப்பையும் பிடிக்கிற டி.ஐ. வடிகட்டி தாண்டி, கரைந்திருப்பதன் அளவான டி.டி.எஸ். பூஜ்யம் காட்டுகிற தண்ணீர். கொஞ்சம் செலவானாலும் தானாகத் தண்ணீர் நிரப்புகிற மிதவைக் கருவி ஒன்று வாங்கிவிடு. விளக்கில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதே.

அப்புறம் ஆல்கலினிட்டி, தண்ணீரில் பவளத்துக்கு வேண்டிய கார்பனேட் எவ்வளவு என்று காட்டுகிற அளவு. கெமிஸ்ட்ரி லேபில் நீ பண்ணின காரியத்துக்குப் பிறகு உன் கையில் சோதனைச் சொட்டு மருந்து கொடுக்க யாருக்கும் துணிவு வராது, ஆனாலும் வேறு வழியில்லை. நீலம் மஞ்சளாகும் வரை சொட்டுகளை எண்ண வேண்டும், அவ்வளவுதான். பவளம் எலும்பு கட்டும்போது தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் சேர்த்தே இழுக்கும். ஆல்கலினிட்டி அதன் அலகான டி.கே.எச்.சில் 2.8 குறைகிற நேரத்தில் கால்சியம் 20 பி.பி.எம்.தான் (பத்து லட்சத்தில் 20 பங்கு) குறையும். 420 இருந்த இடத்தில் 400 என்றால் யாருக்குத் தெரியும்? ஆனால் 8 இருந்த இடத்தில் 5.2 என்றால் பவளம் வாடிவிடும். அதனால் ஆல்கலினிட்டியைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். 8 நல்லதா 9 நல்லதா என்று சண்டை போடுகிறவர்களை விட்டுத் தள்ளு. எதுவானாலும் அங்கேயே நிற்க வேண்டும், அதுதான் முக்கியம். மென்பவளம் மட்டும் வைத்தால் வாரம் 6 லிட்டர் மாற்றினாலே என் தொட்டிக்குப் போதுமாக இருக்கிறது.

உனக்குச் சுத்தப் பைத்தியம் உண்டு, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்கிவிட்டால் தொட்டி பளபளக்கும் என்று நினைப்பாய். பூஜ்யமானால் டைனோ வரும், டைனோஃபிளாஜெல்லேட் என்கிற நுண்ணுயிர். பழுப்பு நிறத்தில் சளி மாதிரி இழை இழையாகத் தொங்கும், நுனியில் காற்றுக் குமிழி. பார்க்கவே குமட்டும். பாசி கொஞ்சம் இருக்கட்டும், விடு. ஆரம்பத்தில் பழுப்புத் தூளாகப் படியும், அப்புறம் பச்சை முடி வரும், எல்லாம் வந்து போகிற சங்கதி. பொறுமையில்லாமல் ஏதாவது புட்டியை வாங்கி ஊற்றுகிறவர்களிடம்தான் தொட்டி சீக்கிரம் சாகிறது.

இனி வருவது விளையாட்டுப் பேச்சு இல்லை. ஜோவாந்தஸ் என்று பொத்தான் பொத்தானாக, அள்ளிக்கொள்ளலாம் போல ஒரு பவளம் கிடைக்கும், வளர்க்கவும் சுலபம். பாப்பா இருக்கிற வீட்டில் அதை வைக்காதே. அந்த இனத்தில் சிலவற்றில் பேலிடாக்சின் என்கிற கொடிய விஷம் இருக்கிறது. அது ஒட்டியிருந்த பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்க வைத்து, அந்த ஆவியை மூச்சில் இழுத்து ஆஸ்பத்திரியில் விழுந்தவர்கள் உண்டு. பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்காதே, வெறும் கையால் சுரண்டாதே, கண்ணுக்குக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பவளத்தை வெட்டாதே. அப்புறம் ஒயர்கள். ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வழிகிற உப்புத் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். இந்த இரண்டையும் தங்கச்சியிடம் நீ சொல்லாவிட்டால் நானே சொல்வேன்.

பயமுறுத்திவிட்டேனா? நேற்று ராத்திரி மெயின் விளக்கு அணைந்து நீல விளக்கு மட்டும் எரிந்தது. கிளீனர் இறால் சட்டை உரித்துப் போட்டிருந்தது, மீசை முதல் வால் வரை அப்படியே, கண்ணாடித் தாளில் வெட்டின மாதிரி. உரித்தவர் பாறைக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறார், புது ஓடு கெட்டியாகிற வரை வெளியே வர மாட்டார். முதல்முறை அந்தச் சட்டையைப் பார்த்தால் இறால் செத்துவிட்டது என்று எனக்கு போன் செய்வாய், இப்போதே எழுதி வைத்துக்கொள். லெதர் பவளம் ஒரு வாரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு மெழுகுத் தோலை உதிர்த்தது. நேற்றுத்தான் மறுபடி விரித்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தவன் எழுந்திருக்க மறந்துவிட்டேன்.

வாத்தியாருக்குப் பிடித்த மாதிரி ஒரு கதையும் கிடைத்தது. அன்னா தின் என்று இங்கிலாந்தில் ஓர் அம்மாள், 1846ல் டார்க்கீ கடற்கரையிலிருந்து உயிருள்ள கல் பவளங்களை லண்டனுக்குக் கொண்டுபோனார். பம்ப் இல்லை, ஹீட்டர் இல்லை, விளக்கு இல்லை. வேலைக்காரப் பெண் திறந்த ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டு கடல் தண்ணீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றிக்கொண்டே இருப்பாளாம், காற்று கலப்பதற்காக. பிற்பாடு கடல் பாசியையும் சேர்த்தார். கிட்டத்தட்ட மூன்று வருஷம் அந்தப் பவளங்கள் இருந்தன. அம்மாள் பெயர் புத்தகத்தில் ஏறியது, கை வலித்தவள் பெயர் எங்குமே கண்ணில் படவில்லை.

குஞ்சு விஷயத்தில் எழுதி முடிப்பதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கடலில் பிடித்தது வேண்டாம், தொட்டியிலேயே பொரித்து வளர்த்தது, கையளவுகூட வேண்டாம், ஒரு விரல் நுனி அளவு போதும். அளவு வித்தியாசம் இருந்தால்தான் சண்டை வராது. வேறு தொட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம்தான் உள்ளே விடுவேன். உன் தங்கச்சி அவசரப்படட்டும்.

நீ 20 லிட்டரை மறந்துவிடு. எந்த இடத்தில் வைக்கப் போகிறாய், ஜன்னல் வெயில் நேராகப் படுமா, மேசை கனமானதா என்று எழுது. 60 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர், பாறை, கண்ணாடி எல்லாம் சேர்த்து 80 கிலோ பக்கம் வரும், உன் வீட்டு மேசையை நான் பார்த்திருக்கிறேன். பாறை போட்ட பிறகு நாலு முதல் ஆறு வாரம் மீன் வாங்கக் கூடாது, தண்ணீர் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். பாப்பாவிடம் அதை முதலிலேயே சொல்லி வை, இல்லையென்றால் அழுவாள்.

இப்படிக்கு,
உன் மச்சான்