கழுவிய சோடாப் போத்தல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளம் வடிந்ததும் மட்டக்களப்பில் பலர் கிணற்றுத் தண்ணீரைக் கழுவிய சோடாப் போத்தலில் பரிசோதனைக்குக் கொண்டுவருகிறார்கள். கிருமிப் பரிசோதனைக்கு அது உதவாது. போத்தலில் ஒட்டியிருந்த கிருமியும் சேர்ந்தே வளரும். ஆய்வுகூடம் தரும் கிருமிநீக்கிய போத்தலைக் கேட்டு வாங்குங்கள். அதற்குள் இருக்கும் தயோசல்பேற்று என்ற இரசாயனத்தைத் தயவுசெய்து கழுவி ஊற்றாதீர்கள். குளோரின் போட்ட கிணறென்றால் அதுதான் மிச்சக் குளோரினை முறிக்கும். இல்லாவிட்டால் வழியிலேயே கிருமி செத்து, கெட்ட தண்ணீரும் நல்லதென்று காட்டும். மூடியின் உட்பக்கத்தில் விரல் படக்கூடாது. குலுக்குவதற்கு மேலே ஓரங்குலம் வெற்றிடம் விட்டு, ஐஸ் பெட்டியில் 6 மணித்தியாலத்துக்குள் சேர்ப்பதே நல்லது. 100 மில்லிலீற்றரில் மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலைக் கிருமி ஒரேயொன்று இருந்தாலும் குடிக்க ஆகாது. மாரி தொடங்குமுன்பே பிரதேச சபைகள் இந்தப் போத்தல்களை வாங்கி வைக்கட்டும்.

நீர்ப் பரிசோதனை ஆய்வுகூட ஊழியர்,
மட்டக்களப்பு