ஏற்றுமதிக் கணக்கோடு உப்புக் கணக்கும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியை ஒரு லட்சம் கோடி ரூபாய்க்குக் கொண்டுபோவது பற்றி நம் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூடுதல் தண்ணீர், கூடுதல் மின்சாரம், வடமாநிலத் தொழிலாளர்களுக்குத் தங்குமிடம், அகலமான சாலை என்று வேண்டியதையெல்லாம் வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். எல்லாமே ஊருக்குள் வருகிற கணக்கு. வெளியே போவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் சாயக்கழிவுப் பொது சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் ஷிப்ட் பார்க்கிறவன். நுண்ணுயிரியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். பாக்டீரியாக்களை வளர்ப்பதும், அளவுக்கு மேல் வளராமல் பார்த்துக்கொள்வதும்தான் என் வேலை. அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கடிதம்.

எங்கள் நிலையத்துக் காற்றூட்டத் தொட்டியில் எந்நேரமும் பழுப்பு நிறத்தில் கலங்கல் சுழன்றுகொண்டிருக்கும். அந்தக் கலங்கல்தான் பாக்டீரியா. சாயப்பட்டறையிலிருந்து வரும் கழிவுநீரில் இருக்கும் மாவுப்பொருள், எண்ணெய்ப்பசை, சோப்பு எல்லாம் அதற்குத் தீனி. ஷிப்ட் தொடங்கியதும் ஒரு லிட்டர் ஜாடியில் மொண்டு வைத்து அரை மணி நேரம் காத்திருப்பேன். கீழே எவ்வளவு படிகிறது, மேலே நிற்கும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்பதைப் பார்த்தாலே தொட்டியின் உடம்பு எப்படி என்று தெரிந்துவிடும். நல்ல கலங்கலில் மழை பெய்த மண்வாசம் வரும். நாற்றம் வந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

தீபாவளிக்குப் பட்டறைகள் மூடி ஆட்கள் ஊருக்குப் போய்விட்டால் தொட்டிக்குத் தீனி நின்றுபோகும். பாக்டீரியாக்கள் தங்கள் உடம்பில் சேர்த்து வைத்திருப்பதையே தின்று மெலிய ஆரம்பிக்கும். வெல்லப்பாகு, யூரியா, டிஏபி என்று ஏதாவது ஊற்றி உயிரைப் பிடித்து வைப்போம். பட்டறை திறந்ததும் மறுபடி கிடுகிடுவென்று பெருகும். தீனி இருந்தால் வளர்ச்சி, இல்லாவிட்டால் மெலிவு. ஊர் வளர்வதைப் பற்றி எழுதுகிற எல்லோருக்கும் இந்தப் பாதி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மறு பாதி இதுதான். தின்றதில் ஏறக்குறைய பாதி புது உடம்பாக மாறுகிறது. அதனால் தினமும் கொஞ்சம் கலங்கலைக் கசடாக வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுக்காமல் நாலைந்து நாள் விட்டால் கிழட்டுக் கலங்கல் சேர்ந்து, காற்று போதாமல், கடைசியில் தெளிந்த தண்ணீரோடு கசடும் வழிந்து போகும். தீனி ஏராளமாக இருக்கும்போதே தொட்டி கெட்டுப்போவதை இப்படித்தான் பார்க்கிறோம். ஆய்வகத்தில் மூடிய குடுவையில் வளர்த்தாலும் இதே கதைதான். சில சமயம் தீனி தீர்ந்து வளர்ச்சி நிற்கும். சில சமயம் தான் கழித்ததே தனக்கு விஷமாகி நிற்கும்.

திருப்பூர் நின்றது இரண்டாவது வகையில். முதலில் ஊர்க் கிணறுகள் போதவில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிணற்றுத் தண்ணீரைத் தண்ணி லாரிகள் கொண்டுவந்து கொட்டின. அப்புறம் 2005-ஐ ஒட்டிப் பவானி ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்தது. ஆனால் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கி, 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணை அது. அதன் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. வழக்கு நடந்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்று 2006-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. அதைச் செய்யாததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. அன்றைக்கு ஆர்டருக்கும் பஞ்சமில்லை, பவானித் தண்ணீருக்கும் பஞ்சமில்லை.

என் அம்மா ஊர் அந்த அணைக்குக் கீழே. தாத்தா தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. மஞ்சள் போட்ட காட்டில் கடைசியில் தென்னை மட்டும் நின்றது, அதுவும் குரும்பையை உதிர்த்துக்கொண்டு. அந்தக் கிணற்றில் இறங்கிய உப்பைத்தான் இன்றைக்கு நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பிரித்தெடுக்கிறேன்.

உயிரியலையும் ஊரையும் சேர்த்துப் பார்த்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 1932-ல் மாக்ஸ் கிளைபர் என்ற விலங்கு உடலியல் ஆய்வாளர் ஒரு கணக்குப் போட்டார். விலங்கின் எடை இருமடங்கானால் அதற்கு வேண்டிய ஆற்றல் இருமடங்காவதில்லை, சுமார் 70 சதவீதம்தான் கூடுகிறது. உடம்பு பெருக்கப் பெருக்க, வருகிற தீனியெல்லாம் இருக்கிற உடம்பைப் பராமரிக்கவே சரியாகப் போய்விடும். வளர்ச்சி தானாக நிற்கும். 2007-ல் இயற்பியலாளர்களான லூயி பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் குழுவினர் நகரங்களுக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஊர் இருமடங்கானால் சாலையும் மின்கம்பியும் சுமார் 80 சதவீதம் கூடினால் போதும். சம்பளம், புதுக் கண்டுபிடிப்பு, அதோடு குற்றமும் தொற்றுநோயும் இருமடங்கைத் தாண்டிவிடும். அதாவது யானை பெரிதாகப் பெரிதாக நிதானமாகிறது, நகரம் பெரிதாகப் பெரிதாக வேகமெடுக்கிறது. நகரத்துக்குள் தானாக விழும் பிரேக் கிடையாது. தீனி தீரும்போதெல்லாம் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும். அதையும் முன்னைவிடச் சீக்கிரமாகக் கண்டுபிடித்தாக வேண்டும் என்பது அவர்கள் முடிவு. கிணறு, லாரி, பவானிக் குழாய், இப்போது சுத்திகரித்த தண்ணீர் என்று நம் ஊர் ஏறி வந்த படிகளைப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி என்றே படுகிறது.

ஆனால் கடைசிப் படியில் ஒரு சிக்கல் இருக்கிறது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை போடுவார்கள். ஒரு கிலோ துணிக்குச் சுமார் அரைக் கிலோ உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. துணி அதை எடுத்துக்கொள்வதில்லை. போட்டது அப்படியே கழிவில் வருகிறது. பாக்டீரியாவுக்கும் அது தீனியில்லை. அளவு கூடினால் என் தொட்டிதான் சுணங்கும்.

ஆகவே அந்த உப்புத் தண்ணீர் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) இயந்திரத்துக்குப் போகிறது. தண்ணீரில் பெரும்பகுதி நல்ல தண்ணீராகப் பட்டறைக்குத் திரும்புகிறது. மிச்சமுள்ள உப்புக் கரைசலை ஆவியாக்கியில் விறகுக் கொதிகலன் நீராவி கொண்டு காய்ச்சுகிறோம். சாயத்துக்குப் போடும் உப்பில் ஒரு வகையான சோடியம் சல்பேட்டைத் தனியாகப் பிரித்து மறுபடி சாயத்துக்கே அனுப்பலாம். பிரியாமல் நிற்பதுதான் கலவை உப்பு. யாருக்கும் வேண்டாத சரக்கு. மூட்டை கட்டி, மழை படாமல், கூரைக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறோம். கசடு மூட்டைகளும் அப்படித்தான். சிமென்ட் ஆலைகள் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. ஆற்றில் விடாமல் காப்பாற்றினோம் என்பது உண்மை, அதற்காகத் தொழில்துறையைப் பாராட்டவும் வேண்டும். ஆனால் உப்பு எங்கேயும் போய்விடவில்லை. ஷெட்டில் இருக்கிறது.

மாநகராட்சிக் குப்பையிலும் இதைத்தான் பார்த்தோம். பாறைக்குழிகளில் கொட்டிக்கொண்டிருந்தவரை யாருக்கும் கவலையில்லை. கிராமத்து ஜனங்கள் வண்டிகளை மறித்து உட்கார்ந்த பிறகுதான் ஊருக்குள் பேச்சே எழுந்தது.

நான் வளர்ச்சி வேண்டாம் என்கிற ஆள் இல்லை. என் வீட்டு அடுப்பு எரிவதே பட்டறை ஓடுவதால்தான். கேட்பது இரண்டே விஷயம். புதிய சாயப்பட்டறைக்கோ விரிவாக்கத்துக்கோ அனுமதி தரும்போது நாளொன்றுக்கு இத்தனை லட்சம் லிட்டர் தண்ணீர் என்று எழுதுகிறார்கள் அல்லவா, பக்கத்திலேயே இத்தனை டன் உப்பு, இத்தனை டன் கசடு, அது போய்ச் சேரும் இடம் இது என்றும் எழுத வேண்டும். உப்பு பில் போட்டு வாங்குகிற சரக்கு, அளவு தெரியாமல் போக வழியே இல்லை.

இரண்டாவது, ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவு அனுப்பும் பட்டறைகள் எல்லாம் ஒரே வகை உப்பைப் பயன்படுத்த வேண்டும். பாதிப் பேர் சாதா உப்பும் பாதிப் பேர் சோடியம் சல்பேட்டும் போட்டு ஒரே குழாயில் விடுவதால்தான் கலவை உப்பு இவ்வளவு சேருகிறது. விலையில் சில ரூபாய் வித்தியாசத்துக்காகத்தான் இந்தக் குழப்பம். எல்லோரும் சோடியம் சல்பேட்டுக்கு மாறினால் பிரிப்பதும் சுலபம், திரும்ப விற்பதும் சுலபம். நிலையங்களின் உறுப்பினர் கூட்டத்திலேயே முடிவு செய்யக்கூடிய காரியம் இது. அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த தடவை ஏற்றுமதி இத்தனை கோடி என்று முதல் பக்கத்தில் போடும்போது, அந்த வருஷம் கூரைக்கு அடியில் சேர்ந்த கலவை உப்பு எத்தனை டன் என்று உங்கள் நிருபரை விசாரித்துச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சுத்திகரிப்பு நிலைய ஊழியர்,
திருப்பூர்.
(வேலையில் இருப்பதால் பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)