வரையாடு எங்கள் மலையிலும் வாழ்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வரையாடு பற்றி வெளிவந்த கட்டுரையில், ‘நீலகிரியில் மட்டுமே வாழ்வதால் இவ்விலங்கு நீலகிரி தார் எனப்படுகிறது’ என்றொரு வாக்கியம் இருந்தது. பொதிகையின் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அதைப் படித்தபோது உண்டான வருத்தம் இன்னும் தீரவில்லை.

நீலகிரி முதல் ஆனைமலை, மூணாறு வழியாக எங்கள் பொதிகையாகிய அகத்தியமலை வரை தமிழகமும் கேரளமும் பகிர்ந்துகொள்ளும் உயிரினம் இது என்பதைத் தாங்கள் அறியாதவரல்லர். இளவயதில் பாணதீர்த்த அருவி கடந்து பொதிகைக்கு நடந்து சென்றபோது, உச்சிக்குக் கீழே கால் வைக்கவே அஞ்சும் பாறைச்சரிவில் அவை குட்டிகளுடன் மேய்ந்ததை நானே கண்டிருக்கிறேன். வழிகாட்டி வந்த காணிக்காரர் பழங்குடிப் பெரியவர் அவற்றை வரையாடு என்றுதான் சொன்னார். வரை என்றால் மலை. அந்தப் பாறைகளில் வாழும் ஆடு வரையாடு. சங்கப் பாடல்கள் இதனை வருடை என்கின்றன. இத்தனை பழைய பெயர்கள் இருக்க, இமயமலையின் வேறொரு விலங்குக்குரிய ‘தார்’ என்ற பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்? அவ்விரண்டும் நெருங்கிய உறவினம் அல்ல என்று மரபணு ஆய்வில் தெரிந்து, 2005இல் நம் வரையாட்டுக்குத் தனிப் பேரினமே வகுத்துவிட்டார்கள்.

இது முதல் முறையும் அன்று. தங்கள் சிறுவர் பக்கத்தில் நம் மாநில விலங்கான வரையாடு என்று நீண்ட பிடரிமயிர் கொண்ட இமயமலை விலங்கின் படத்தை அச்சிட்டபோதும் எழுதினேன், பதில் இல்லை. எங்கள் மலையிலுள்ள களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் என்றால் புலியும், ஊருக்குள் இறங்கிய கரடியும் மட்டுமே தங்கள் செய்தியாளர்களுக்கு நினைவுக்கு வருகின்றன. தமிழக அரசு 2022இல் வரையாட்டுக்கெனத் தனித் திட்டம் அறிவித்தபோதும் எங்கள் மலையைப் பற்றி ஒரு வரி வரவில்லை. இரு மாநிலங்களும் சேர்ந்து 2025இல் நடத்திய கணக்கெடுப்பில் மொத்தமே 2,668 வரையாடுகள்தாம் தெரியவந்தன. தெற்கே சிறுசிறு கூட்டங்களாகத் தனித்துப்போன இவற்றை இல்லை என்றே எழுதிவிட்டால், நாளை இங்குள்ள புல்வெளி தீப்பற்றி எரிந்தாலும் கேட்பார் யார்?

அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிட்டு, அதில் அகத்தியமலையின் பெயரையும் சேர்க்குமாறும், இனி வரையாடு என்றே எழுதுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
விக்கிரமசிங்கபுரம்.