அடைமுட்டைக்கும் வயது உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் அடைமுட்டை வரவழைத்துக் குஞ்சு பொரிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, முட்டை விலையையும் குஞ்சு விலையையும் ஒப்பிட்டு லாபம் சொல்கிறது. கோழி முட்டையிட்ட நாளுக்கும் அது செட்டரில், அதாவது முட்டையை அடைவைக்கும் மெஷினில், ஏறும் நாளுக்கும் நடுவே எத்தனை நாள் என்ற கணக்கு அதில் இல்லை. பணம் கரைவது அங்கேதான். பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இந்தத் தொழிலில் இறங்க யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

15 முதல் 18 டிகிரிக் குளிரில், 75 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் அடைமுட்டை ஏழு நாள் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிப்பு அரை முதல் ஒரு சதவீதம் வரை குறையும். நாள் போகப்போக இந்தச் சரிவு இன்னும் கூடும். பொரிக்கும் நேரமும் நாளுக்குச் சுமார் ஒரு மணி தள்ளிப்போகும். இப்போது கூட்டிப் பாருங்கள். ஆர்டருக்கு முட்டை சேர்க்க அங்கே மூன்று நாள், சான்றிதழுக்கும் பேக்கிங்குக்கும் ஒரு நாள், விமானம் மாறி வர இரண்டு நாள், சென்னையில் கஸ்டம்ஸும் தனிமைப்படுத்தல் நிலையமும் விட ஒன்றிரண்டு நாள், தமிழக-கேரள எல்லையான வாளையாருக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் ஒரு ராத்திரி லாரி, வந்த பிறகு ஒரு நாள் ஓய்வு. ஒன்பது பத்து நாள் போய்விடுகிறது. ஆகவே, ‘அனுப்பும் அன்று எந்த முட்டைக்கும் மூன்று நாளுக்கு மேல் வயது இருக்கக் கூடாது, ஒவ்வொரு பெட்டியிலும் முட்டையிட்ட தேதி வேண்டும்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். தாய்க்கோழிகளின் வயதையும் கேளுங்கள். 50 வாரம் தாண்டிய கோழியின் முட்டையில் வெள்ளைக்கரு தளர்ந்திருக்கும், அது அதிக நாள் தாங்காது.

முட்டை விமானத்தில் கெடுவதை விட இறங்கிய பிறகு தரையில் கெடுவதுதான் அதிகம். 16 டிகிரியில் இருந்த பெட்டியைச் சென்னைப் புழுக்கத்தில் திறந்தால், ஐந்தே நிமிடத்தில் ஓடு முழுக்க முத்து முத்தாக வியர்த்துவிடும். அந்த ஈரத்தோடு ஓட்டின் மேலிருக்கும் கிருமிகள் நுண்துளை வழியே உள்ளே இறங்கும். உடனே துணி எடுத்துத் துடைப்பார்கள். அது இன்னும் கெடுதல், ஓட்டின் மேலுள்ள காப்புப் படலமும் அழிந்துபோகும். துடைக்காமல் காற்றாடி போட்டு உலர விடுங்கள். ஈரம் காய்வதற்குள் கிருமி கொல்லும் புகைமூட்டம் போடக் கூடாது. முட்டை 24 டிகிரியைத் தாண்டினால் கரு லேசாக வளரத் தொடங்கும், மறுபடி குளிர்ந்தால் நிற்கும். இப்படி வளர்ந்து வளர்ந்து நின்றால் கரு செத்துப்போகும். சித்திரை வெயிலில் திறந்த டெம்போவில் ஏற்றினால் இதுதான் நடக்கும். 18 டிகிரி குளிர்சாதன வண்டிக்கு வாடகை கூடுதல்தான், ஆனால் அதைக் குறைக்கக் கூடாது.

சரக்குச் சீட்டில் அடைமுட்டைக்கான ‘ஹெச்.ஈ.ஜி.’ குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் உலர் பனிக்கட்டி வைத்த சரக்கிலிருந்து தள்ளி ஏற்றுவார்கள். அதிலிருந்து வரும் கரியமில வாயு கருவுக்கு ஆகாது.

முட்டை வந்ததும் பெட்டிக்குப் பத்து எடுத்து டார்ச்சில் பாருங்கள். அகன்ற முனையில் இருக்கும் காற்றறை, ரசமட்டக் குமிழி போல முட்டையைச் சாய்க்கும் பக்கமெல்லாம் ஓடினால், வழியில் குலுங்கியிருக்கிறது என்று பொருள். கூர்முனை கீழே இருக்கும்படி 18 டிகிரியில் 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். பிறகு 25 டிகிரியில் ஆறேழு மணி நேரம் வைத்துவிட்டு, 37.5 டிகிரியில் செட்டரில் ஏற்றுங்கள்.

பொரிப்பு குறைந்தால் விற்றவர் ‘உங்கள் மெஷின் சரியில்லை’ என்பார், நாம் ‘கூமுட்டை அனுப்பினீர்கள்’ என்போம். பத்தாம் நாள் வெளிச்சம் காட்டி, கரு கூடாததாகத் தெரியும் முட்டைகளை எல்லாம் உடைத்துப் பார்த்தால் வழக்கு தீரும். மஞ்சள் கருவின் மேல் சின்னதாக, கெட்டியாக ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் சேவல் சேராத முட்டை, குறை விற்றவருடையது. வளையமாக விரிந்திருந்தாலோ ரத்த வளையம் தெரிந்தாலோ கரு உண்டாகித் தொடக்கத்திலேயே இறந்திருக்கிறது. அதற்கான காரணத்தை முட்டையை வைத்திருந்த விதத்திலும் வந்த வழியிலும் தேடுங்கள். பெட்டிக்குள் ஒரு வெப்பப் பதிவுக் கருவி போடச் சொல்லியிருந்தால் எந்த மணிக்கு, எந்த இடத்தில் என்பதுகூடத் தெரியும்.

அனுமதி பற்றிக் கட்டுரை ஒரே வரியில் கடந்துபோகிறது. 1898ஆம் ஆண்டு கால்நடை இறக்குமதிச் சட்டப்படி மத்திய கால்நடை பராமரிப்புத் துறையின் சுகாதார இறக்குமதி அனுமதி வேண்டும், ஏற்றுமதி நாட்டின் கால்நடை மருத்துவச் சான்றும் அசலாகவே வேண்டும். தனிமைப்படுத்தல் நிலையம் சென்னையிலும் பெங்களூரிலும் உண்டு, கோவையில் இல்லை. சூட்கேஸில் நாலு டஜன் கொண்டுவருவதை யாரும் சாமர்த்தியமாக நினைக்க வேண்டாம். குஞ்சுகளைத் தாக்கும் புல்லோரம் என்ற வெள்ளைக் கழிச்சலும் (ராணிக்கெட் அல்ல) மூச்சுநோய் தரும் மைக்கோபிளாஸ்மா கிருமியும் தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே வருபவை, ஓட்டைக் கழுவினால் போகாது. 2021 தொடக்கத்தில் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகளில் பறவைக் காய்ச்சல் வந்ததற்கு, இங்கே எல்லையில் கோழி வண்டிகள் திரும்ப வேண்டியிருந்தது. முட்டை வரும் நாட்டில் அந்த நோய் வந்தாலும் இறக்குமதி நின்றுவிடும். அப்போது முன்பணம் திரும்ப வருமா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் ‘முட்டை வந்தவுடன் மெஷினில் அடுக்கிவிடலாம்’ என்று இருக்கும் வரியை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள். அதைப் படித்துவிட்டு, பெட்டி இறங்கக் காத்திருப்பவர்கள் இருக்கலாம்.

இப்படிக்கு,
குஞ்சு பொரிப்பக மேற்பார்வையாளர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.